தரையில் ஒரு விரிசல்

1

2007ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் லண்டனின் டேட் மாடர்ன் கலைக்கூடத்துக்குள் நுழைந்தவர்களுக்கு முதற்பார்வையில் எதுவுமே தென்படவில்லை. தேம்ஸ் நதிக்கரையில் மின்நிலையமாக இயங்கி, 2000ஆம் ஆண்டு கலைக்கூடமாக உருமாறிய கட்டடம் அது. அதன் நடுவே, முன்பு மின்சுழலிகள் ஓடிய இடத்தில் டர்பைன் கூடம் என்னும் மாபெரும் வெற்றிடம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு கலைஞர் அந்த வெளியைத் தம் படைப்பால் நிரப்புவது அக்காலத்து வழக்கம். 2003இல் ஓலஃபுர் எலியாசன் அங்கே செயற்கைச் சூரியன் ஒன்றை உதிக்கச் செய்தார். 2006இல் கார்ஸ்டன் ஹோலர் பல மாடி உயரச் சறுக்குக் குழாய்களை அமைத்தார். ஆகவே எட்டாவது ஆண்டில் வந்தவர்களும் வியந்து அண்ணாந்து பார்ப்பதற்கு ஏதோ இருக்குமென்றே எதிர்பார்த்தனர். அவர்கள் குனிய வேண்டியிருந்தது.

வாயிலருகே சிமெண்டுத் தரையில் மயிரிழை போன்ற கீறல் ஒன்று தொடங்கியது. நடக்க நடக்க அது அகன்றது, கிளை பிரிந்தது, கால் உள்ளே நுழையும் அளவுக்கு வாய் பிளந்தது. அப்படியே வளைந்து நெளிந்து 167 மீட்டர் ஓடிக் கூடத்தின் மறுகோடியில் மறைந்தது. குனிந்து உள்ளே நோக்கியவர்கள், பாறைச் சுவர் போன்ற அதன் இரு பக்கங்களிலும் இரும்புக் கம்பிவலை பதிந்திருப்பதைக் கண்டனர். எல்லைகளிலும் முகாம்களிலும் மனிதர்களைத் தடுத்து நிறுத்தும் அதே கம்பிவலை.

கொலம்பிய நாட்டுச் சிற்பி டோரிஸ் சல்செடோ அமைத்த படைப்பு இது. அவர் அதற்கு இட்ட பெயர் 'ஷிபோலேத்'. சமகாலக் கலைக் கண்காட்சிகள் வரலாற்றையும் அறத்தையும் பேச முற்படும்போது எவ்வளவு தூரம் செல்ல முடிகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதை எண்ணிப் பார்க்க இந்த விரிசலைக் காட்டிலும் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அதன் பெயரிலிருந்தே தொடங்கலாம்.

2

விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் நியாயாதிபதிகள் என்னும் ஆகமம் உண்டு. அதன் பன்னிரண்டாம் அதிகாரத்தில், யெப்தாவின் தலைமையிலான கீலேயாத்தியர் எப்பிராயீமியரைப் போரில் வெல்கின்றனர். தோற்றவர்கள் தம் ஊருக்குத் திரும்ப யோர்தான் நதியைக் கடந்தாக வேண்டும். வென்றவர்கள் துறைகளைக் கைப்பற்றிக்கொண்டு, கடக்க வருபவரிடம் ஒரு சொல்லைச் சொல்லும்படி கேட்கிறார்கள். அச்சொல்லே ஷிபோலேத். எப்பிராயீமியர் வழக்கில் அந்த முதலெழுத்தின் ஒலி இல்லை. அவர்கள் சிபோலேத் என்கிறார்கள், அங்கேயே வெட்டப்படுகிறார்கள். அவ்வாறு இறந்தோர் 42,000 பேர் என்று அந்நூல் கணக்குக் கூறுகிறது.

இருசாராரும் ஒரே மூதாதையரின் வழிவந்தவர்கள். ஒரே கடவுளை வணங்குபவர்கள். முகத்தாலோ உடையாலோ பிரித்தறிய முடியாதவர்கள். அதனாலேயே நாவைச் சோதிக்க வேண்டியிருந்தது.

தமிழ் படித்தவன் என்ற முறையில் இவ்விடத்தில் ஒன்றைக் குறிப்பிடாமல் கடக்க இயலவில்லை. ஷகரம் தமிழ் நெடுங்கணக்கில் இல்லை. கிரந்த எழுத்தைக் கடன் வாங்காவிடில் இந்தக் கதையைத் தமிழில் எழுதவே முடியாது. இரு சொற்களும் ஒன்றாகிவிடும், கொலைக்குக் காரணமே புலப்படாமல் போகும். வடவெழுத்து ஒரீஇ வழங்கும் தூய தமிழ் நாவினர் எவரும் யோர்தானின் அந்தத் துறையில் உயிர் பிழைத்திருக்க மாட்டார்.

3

யோர்தான் கதை தொன்மையானது; அந்தச் சோதனையோ தொன்மையோடு முடிந்துவிடவில்லை. 1937ஆம் ஆண்டு அக்டோபரில் டொமினிக்கன் குடியரசின் சர்வாதிகாரி ட்ருஹியோ, எல்லைப்புறத்தில் வாழ்ந்த ஹைட்டியரைக் கொல்ல ஆணையிட்டார். கொத்துமல்லியைப் போன்ற ஒரு கீரையின் ஸ்பானியப் பெயர் 'பெரெஹில்'. அதிலுள்ள ரகரத்தை ஸ்பானிய முறையில் ஒலிக்க இயலாதவர் ஹைட்டியர் எனத் தீர்மானிக்கப்பட்டுக் கொல்லப்பட்டதாக அந்நிகழ்வு நினைவுகூரப்படுகிறது. ஆயிரக்கணக்கானோர் மாண்ட அந்தப் படுகொலை வரலாற்றில் அந்தக் கீரையின் பெயராலேயே வழங்குகிறது.

நமக்கு நெருக்கமான ஒன்றும் உண்டு. இலங்கையில் 1958இலும் 1983 ஜூலையிலும் நிகழ்ந்த இனவன்முறையின்போது, சாலைகளில் வழிமறித்த கும்பல்கள் தமிழரை இனங்காணச் சில சிங்களச் சொற்களைச் சொல்லச் சொன்னதைத் தப்பிப் பிழைத்தோர் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். வாளியைக் குறிக்கும் 'பால்திய' என்பது அவற்றுள் அடிக்கடி நினைவுகூரப்படும் சொல். சொல்லின் முதலில் வரும் அந்த அதிர்வொலி நமது எழுத்தில் தனியாக இல்லை என்பதை இலக்கண வகுப்பில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது உயிர்போகும் செய்தியாக ஆன நாட்களும் இருந்தன.

இந்த மூன்று சொற்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. ஷிபோலேத் என்ற எபிரேயச் சொல்லுக்குத் தானியக் கதிர் என்று பொருள்; நீரோட்டம் என்ற பொருளும் உண்டு. அடுத்தது ஒரு கீரை. மூன்றாவது தண்ணீர் மொள்ளும் வாளி. கொல்ல வந்தவர்கள் அரசனின் பெயரையோ கடவுளின் பெயரையோ கேட்கவில்லை. வயலிலும் அடுக்களையிலும் கிணற்றடியிலும் புழங்கும் சொல்லையே கேட்டார்கள். பயின்று மறைத்துக்கொள்ள முடியாத சொல் அதுதான். ஒருவரது வீடு அவரது நாவில் தங்கியிருக்கும் இடமும் அதுதான். வீட்டை விட்டு ஓடிவந்தவரையும் வீடு அவ்விடத்தில் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

இதை எழுதும்போது என் வகுப்பறையும் நினைவுக்கு வருகிறது. ழகரம் ஒலிக்கத் தெரியாத மாணவர்களைப் பல ஆண்டுகள் எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன். மொழிப்பற்று என்றே அதனை எண்ணினேன். ஒருமுறை மாணவி ஒருத்தி மூன்று தடவை முயன்று, மூன்று தடவையும் வகுப்பு சிரிக்க, அமர்ந்துவிட்டாள். அந்த ஆண்டு முழுவதும் அவள் வகுப்பில் வாய் திறக்கவில்லை. யோர்தான் துறையோடு இதை ஒப்பிடுவது மிகை என்பதை அறிவேன். அங்கே போனது உயிர். ஆயினும் நாவை வைத்து மனிதரை இருபுறமாகப் பிரிக்கும் வேலையை நானும் செய்திருக்கிறேன். விரிசல் வாயிலருகே மயிரிழையாகத்தான் தொடங்குகிறது.

4

சல்செடோ 1958இல் பொகோட்டா நகரில் பிறந்தவர். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு, 1948 ஏப்ரல் 9 அன்று, மக்கள் தலைவர் கைத்தான் அந்நகரத் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதையடுத்து மூண்ட வன்முறைக்குக் கொலம்பியர் இட்ட பெயர் 'வன்முறை' என்பதே. வேறு அடைமொழி அதற்குத் தேவைப்படவில்லை. அது ஓயுமுன் கெரில்லாக் குழுக்களும் அரசும் துணைப்படைகளும் போதைப்பொருள் வணிகர்களும் மோதிய நீண்ட உள்நாட்டுப் போர் தொடங்கிவிட்டது. அந்நாட்டின் உண்மை ஆணையம் 2022இல் வெளியிட்ட இறுதி அறிக்கையின்படி, 1985 முதல் 2018 வரை கொல்லப்பட்டோர் மட்டும் 4,50,664 பேர். பாதிக்கப்பட்டோருக்கான அரசுப் பதிவேட்டில் இடம்பெயர்ந்தோராகப் பதிவானவர்களின் தொகை எண்பது இலட்சத்தைத் தாண்டுகிறது.

எண்கள் பெருகப் பெருக மனம் மரத்துப்போகும். சல்செடோ அதனாலேயே எண்களை விட்டுவிட்டு, போர் நிகழ்ந்த ஊர்களுக்குச் சென்று, உற்றாரை இழந்தவர்களிடம் அமர்ந்து கேட்கும் வழியைத் தேர்ந்தார். அவ்வாறு கேட்டறிந்தவற்றை அவர் கதையாகச் சொல்வதில்லை, முகங்களைக் காட்டுவதில்லை, குருதியை வரைவதில்லை. வீட்டுப் பொருட்களிடம் செல்கிறார்.

1990களின் தொடக்கத்தில் உருவான 'அட்ராபிலியாரியோஸ்' என்ற படைப்பில், காணாமற்போன பெண்களின் காலணிகள் சுவரில் குடைந்த மாடங்களுக்குள் வைக்கப்பட்டிருக்கின்றன. மாடத்தின் வாயை மாட்டின் சவ்வினால் மூடி, அறுவை மருத்துவர் பயன்படுத்தும் நூலால் சுவரோடு தைத்திருக்கிறார். சவ்வின் வழியே காலணி மங்கலாகத் தெரிகிறது. உடலைக் கண்டெடுக்க முடியாத நிலையில், சில இடங்களில் காலணியைக் கொண்டே இறந்தவரை அடையாளம் காண நேர்ந்திருக்கிறது. படைப்பின் பெயர், துயரத்துக்குக் காரணமென்று பழைய ஐரோப்பிய மருத்துவம் கருதிய கரும்பித்தத்தைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. பித்தம் தலைக்கேறுதல் என்று நாம் சொல்வதற்கு அண்மையில் உள்ள பொருள்.

அதன்பின் துணிமணிகளோடு சிமெண்டு ஊற்றி நிரப்பிய அலமாரிகள் வந்தன. கதவுகளையும் கட்டில்களையும் இணைத்துச் செய்த 'கைம்மை வீடு' என்ற வரிசை வந்தது. 1990களின் பிற்பகுதியில் 'அன்லேண்ட்' வந்தது. நிலமின்மை எனத் தமிழில் சொல்லலாம். வெவ்வேறு அளவுடைய இரண்டு மேசைகளின் உடைந்த பாதிகளை ஒன்றோடொன்று பொருத்தி, அந்த மூட்டில் பட்டு நூலையும் மனிதத் தலைமயிரையும் மரத்துக்குள் இழை இழையாகத் தைத்து இழுத்திருந்தார். தாயை இழந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, தாய் தைத்துத் தந்த ஒரே ஆடையை நாள்தோறும் அணிந்திருந்ததைக் கண்டதே அவ்வரிசையின் மேசைகளுள் ஒன்றுக்கு மூலம். படைப்பில் சிறுமியும் இல்லை, ஆடையும் இல்லை. தையல் மட்டுமே இருக்கிறது.

சோதனைக்குரிய சொற்கள் வீட்டுப் பொருட்களாக இருந்ததை முன்னர்க் கண்டோம். சல்செடோ எடுத்தாளும் காலணி, மேசை, நாற்காலி, அலமாரி ஆகியவையும் அதே வீட்டிலிருந்து வந்தவை. கொலையாளி மனிதரை அடையாளம் காணத் தேடிச் சென்ற இடத்துக்கே, இறந்தவரை அடையாளம் காண இவரும் சென்றிருக்கிறார்.

5

1985 நவம்பர் 6 அன்று எம்-19 என்னும் கெரில்லாக் குழு பொகோட்டாவின் நீதி மாளிகையைக் கைப்பற்றியது. இராணுவம் பீரங்கி வண்டிகளோடு நுழைந்து மறுநாள் மீட்டது. கட்டடம் எரிந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் உட்பட நூறு பேரளவில் இறந்தனர். மாளிகையின் சிற்றுண்டிச் சாலை ஊழியர் சிலர் உயிரோடு வெளியே வந்தபின் இராணுவத்தால் கொண்டு செல்லப்பட்டுக் காணாமற்போயினர். 2014இல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் இதற்குக் கொலம்பிய அரசைப் பொறுப்பாக்கியது.

பதினேழு ஆண்டுகள் கழித்து, 2002 நவம்பர் 6 அன்று முற்பகல் 11.35 மணிக்கு, புதிதாக எழுப்பப்பட்டிருந்த நீதி மாளிகையின் கூரையிலிருந்து வெறும் மர நாற்காலி ஒன்று சுவரையொட்டி மெல்லக் கீழிறங்கியது. முற்றுகையில் முதல் மனிதர் கொல்லப்பட்ட நேரம் அது. பின்னர் மற்றொன்று, பின்னர் இரண்டு மூன்றாக. 53 மணி நேரத்தில் 280 நாற்காலிகள் இறங்கின. அறிவிப்பு இல்லை, சொற்பொழிவு இல்லை. தெருவில் சென்றவர்கள் நின்று பார்த்தார்கள். சிலருக்கு உடனே புரிந்தது. சிலருக்கு அருகில் நின்றவர் சொல்லித் தெரிந்தது. மறந்துபோன நாளைத் தெரு தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

அடுத்த ஆண்டு இஸ்தான்புல் பன்னாட்டுக் கலைவிழாவுக்காக, இரு கட்டடங்களுக்கு இடையே வெறுமையாகக் கிடந்த மனையில் 1,550 மர நாற்காலிகளைத் தாறுமாறாகக் குவித்தார். தெருவிலிருந்து காண்போருக்கோ குவியலின் முகப்பு மட்டும் மதில்போல நேராக இருந்தது. 1955இல் கிரேக்கர்கள் மீது நிகழ்ந்த தாக்குதலும் அவர்களது வெளியேற்றமும் அந்நகரத்தின் நினைவில் உள்ளவை. அமர ஆளில்லாத நாற்காலிகளின் பொருள் அங்கே விளக்கப்பட வேண்டியதில்லை.

6

இந்தப் பின்னணியோடுதான் அவர் 2007இல் லண்டனுக்கு வந்தார். நாற்காலியோ மேசையோ கொண்டு வரவில்லை; கட்டடத்தையே கையிலெடுத்தார். ஐரோப்பாவின் நடுவில் வந்து நிற்கும் மூன்றாம் உலக மனிதரின் அனுபவமே இந்த விரிசல் என்று அவர் விளக்கினார்.

அந்தக் கட்டடம் நிற்கும் வரலாறும் எண்ணத்தக்கது. டேட் என்னும் பெயர் ஹென்றி டேட் என்ற சர்க்கரை ஆலை அதிபருடையது. அவர் நிறுவிய முதல் கலைக்கூடம் 1897இல் மில்பேங்கில் திறக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட இருந்த கைதிகளை அடைத்து வைத்த பழைய சிறைச்சாலை இடிக்கப்பட்ட நிலத்தில் அது எழுந்தது. டேட் தொழிலில் வளர்ந்தது அடிமை முறை சட்டப்படி ஒழிந்த பின்னர்தான். ஆனால் சர்க்கரைத் தொழிலின் அடித்தளம் அடிமை உழைப்பால் இடப்பட்டது. டர்பைன் கூடத்தின் அந்த ஆண்டு வரிசைக்குப் பொருளுதவி செய்தது யூனிலீவர். அந்நிறுவனம் 1929இல் உருவானபோது அதில் இணைந்த லீவர் பிரதர்ஸ், 1911இல் பெல்ஜிய காங்கோவில் எண்ணெய்ப் பனைக்காகப் பெரும் நிலப்பரப்பில் உரிமை பெற்றிருந்தது. அங்கே கட்டாய உழைப்பு நிலவியதை வரலாற்றாய்வாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஆகவே தரையைப் பிளந்து காட்டுமாறு கலைஞரை அழைத்ததும், அதற்குச் செலவு செய்ததும் அந்தத் தரையே எனலாம்.

இங்கே ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. தன்னைக் குற்றம் சாட்டும் படைப்பையும் விலை கொடுத்து வாங்கிக் காட்சிக்கு வைக்கும் வல்லமை உடைய நிறுவனத்திடம், அந்தக் குற்றச்சாட்டுக்கு என்ன வலு எஞ்சுகிறது? கண்காட்சி நடந்தபோது பத்திரிகைகள் பெரிதும் எழுதியது வேறு இரண்டு செய்திகளைப் பற்றி. விரிசல் எவ்வாறு உண்டாக்கப்பட்டது என்பது ஒன்று. அதில் கால் இடறிக் காயமுற்றவர்கள் எத்தனை பேர் என்பது மற்றொன்று. சல்செடோ முதல் கேள்விக்கு விடை சொல்ல மறுத்துவிட்டார். செய்முறை முக்கியமல்ல, பொருளே முக்கியம் என்பது அவர் நிலை. பிள்ளைகள் விரிசலைத் தாண்டிக் குதித்து விளையாடினார்கள். பெற்றோர் படம் எடுத்தார்கள். படுகொலையின் பெயர் தாங்கிய படைப்பு விடுமுறை நாள் வேடிக்கையாகவும் ஆயிற்று.

இதைத் தோல்வி என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. எனினும் மற்றொரு வகையிலும் பார்க்கலாம். பிளவின் ஓரத்தில் விளையாடுவதும் படமெடுப்பதும் தவறி விழுந்தவர் கவனமாக நடந்திருக்கலாம் என்று சொல்வதும் பாதுகாப்பான கரையில் வாழும் மக்கள் அன்றாடம் செய்பவைதாமே? பார்வையாளர்கள் அறியாமலேயே படைப்பின் பகுதியாகிவிட்டார்கள். இதைச் சல்செடோ திட்டமிட்டாரா என்பது வேறு கேள்வி.

2008 ஏப்ரலில் கண்காட்சி முடிந்தது. விரிசலைச் சிமெண்டு இட்டு மூடினார்கள். மூடிய இடம் மட்டும் சுற்றியுள்ள தரையோடு கலக்கவில்லை. டர்பைன் கூடத்தில் வேறு வேறு படைப்புகள் வந்து சென்றன. அந்தத் தழும்பு தரையில் தங்கிவிட்டது. அந்த வரிசையில் வைக்கப்பட்ட எல்லாப் படைப்புகளிலும், அகற்ற முடியாமல் போனது இந்த ஒன்றுதான்.

7

அதன்பின் சல்செடோவின் போக்கில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. அதுவரை பெயரைச் சொல்லாமல் பொருளைக் காட்டியவர், பெயர்களைச் சொல்லத் தொடங்கினார்.

2016 அக்டோபர் 2 அன்று, கொலம்பிய அரசுக்கும் ஃபார்க் கெரில்லாக்களுக்கும் இடையே ஏற்பட்ட அமைதி உடன்பாட்டை வாக்காளர்கள் மிகச் சிறிய வேறுபாட்டில் நிராகரித்தனர். ஒன்பது நாட்களில் பொகோட்டாவின் பொலிவார் சதுக்கத்தில் சல்செடோ வெண்துணிகளை விரித்தார். ஏறத்தாழ 2,000 துணிகள்; ஒவ்வொன்றிலும் கொல்லப்பட்ட ஒருவரின் பெயர் சாம்பலால் எழுதப்பட்டிருந்தது. வந்த மக்கள் ஊசி நூல் கொண்டு ஒரு துணியை அடுத்த துணியோடு தைத்தார்கள். ஒரு நாள் முழுவதும் சதுக்கமே தையற்கூடமாக இருந்தது.

அடுத்த ஆண்டு மாட்ரிட்டின் பளிங்கு மாளிகையில் 'பாலிம்ப்செஸ்ட்' அமைந்தது. ஐரோப்பாவை அடைய முயன்று நடுநிலக் கடலில் மூழ்கியவர்களின் பெயர்கள் மணல்நிறக் கற்பலகைகளில் இருந்தன. முன்னர் இறந்தவர் பெயர் மணலில் மங்கலாகத் தெரிய, அதன்மேல் பின்னர் இறந்தவர் பெயர் நீர்த்துளிகளாகக் கசிந்து எழும், சிறிது நேரம் ஒளிரும், உள்ளே வடிந்துவிடும், மீண்டும் எழும். பழைய எழுத்தைச் சுரண்டி அதன்மேல் புதிதாக எழுதிய தோலேட்டுக்கு வழங்கும் பெயர் அது. கடல் விழுங்கியவர்களின் பெயர்ப்பட்டியல் முறையாக எங்கும் இல்லாததால், அவற்றைத் திரட்டவே அவரது குழுவினர் பல ஆண்டுகள் செலவிட்டனர். தரை தானே அழுவது போன்றிருந்த அந்த மாளிகையில், பெயர்களை மிதித்துவிடாமல் மக்கள் கவனித்துக் கால் வைத்தார்கள். லண்டனில் விரிசலைத் தாண்டிக் குதித்த கால்களுக்கும் இந்தக் கால்களுக்கும் உள்ள வேறுபாட்டைப் பெயர் உண்டாக்கியது என்றே நினைக்கிறேன்.

2018இல் பொகோட்டாவில் 'ஃபிராக்மெந்தோஸ்' என்ற கலைவெளி நிறுவப்பட்டது. அமைதி உடன்பாட்டின்படி ஃபார்க் ஒப்படைத்த 37 டன் ஆயுதங்களை உருக்கி, 1,296 தகடுகளாக வார்த்து, அவ்விடத்துக்குத் தளமாகப் பரப்பினார். அச்சுக்கான உலோகத் தகடுகளைச் சுத்தியலால் அடித்து உருவாக்கியவர்கள் போரில் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளான பெண்கள். நினைவுச் சின்னம் என்று அழைப்பதை மறுத்து, எதிர்ச்சின்னம் என்றார் சல்செடோ. உயர்ந்து நிற்கும் தூண் வெற்றியைப் பாடும். இதன்மேலோ நடக்கத்தான் முடியும். லண்டனில் தரையைப் பிளந்தவர் தம் ஊரில் தரையொன்றை இட்டிருக்கிறார்.

8

இத்தகைய கண்காட்சிகளால் என்ன பயன் என்ற கேள்விக்கு எளிய விடை இல்லை. விரிசலுக்குப் பின்னும் எல்லைகளில் கம்பிவலைகள் பெருகின. மாட்ரிட்டில் பெயர்கள் கசிந்துகொண்டிருந்த மாதங்களிலும் படகுகள் கவிழ்ந்தன. கலை கொலையை நிறுத்தியதாக வரலாறு இல்லை. அப்படி உரிமை கோருவது இறந்தவர்களுக்குச் செய்யும் அவமதிப்பும் ஆகும்.

ஆனால் யோர்தான் துறையில் மாண்டவர்களுள் ஒருவரது பெயரேனும் நமக்குத் தெரியாது. எண்ணிக்கை மட்டுமே எழுதப்பட்டது, எழுதியவர்கள் வென்றவர்கள். நாவில் இருந்த ஒலி அவர்களைக் கொன்றது. பிறகு எவர் நாவிலும் அவர்கள் பெயர் தங்கவில்லை. சல்செடோ நீராலும் சாம்பலாலும் எழுதுவது இந்த இரண்டாவது இழப்புக்கு எதிராகத்தான். அது நிலைத்து நில்லாது என்பதை அவரும் அறிவார். அதனால்தான் அந்த எழுத்துகள் மறைகின்றன, மறுபடி எழுகின்றன.

ழகரத்துக்காக இப்போது நான் எவரையும் எழுப்பி நிறுத்துவதில்லை. அந்த மாணவி எந்த ஊரிலிருந்து வந்தாள், அவள் வீட்டில் என்ன மொழி பேசினார்கள் என்று நான் அன்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவள் பெயரும் இப்போது எனக்கு நினைவில் இல்லை.